கஸ்ஸான், லக்ம், ஹிம்யர்: இஸ்லாமுக்கு முந்தைய அரபு அரசுகளை ஒரே தாளில் படிக்கும் முறை

அரபு வரலாறு இஸ்லாம் தோன்றிய 610-இல்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறவர்கள் அதிகம். அதற்கு முன்னால் மணல், ஒட்டகம், ஆங்காங்கே குலச்சண்டை, அவ்வளவுதான் என்று ஒரு படம் மனசில் பதிந்துவிடுகிறது. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளைத் திறந்து பார்த்தால் படமே வேறு. கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போய்ப் பேரரசர் கையால் மணிமுடி வாங்கிய அரபு மன்னர் ஒருவர் இருக்கிறார். பாரசீக இளவரசன் ஒருவனை வளர்த்து ஆளாக்கி, அவன் அரியணை ஏறப் படை கொடுத்த அரபு அரண்மனை இருக்கிறது. உடைந்த அணையைக் கட்டி முடித்த நேரத்தில் ரோமும் பாரசீகமும் தூது அனுப்பிய யேமன் இருக்கிறது.

நான் தர்மபுரியில் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குச் சில பிள்ளைகள் வருகிறார்கள். போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் உண்டு, கல்லூரியில் வரலாறு எடுத்தவர்கள் உண்டு, சும்மா ஆர்வத்தில் வருகிறவர்களும் உண்டு. இந்தக் காலத்தை அவர்களுக்கு நடத்துகிற முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்தும் செய்யலாம். தேவையானவை பெரிய மாதக் காலண்டர் தாள் ஒன்று, மூன்று நிறத்தில் ஸ்கெட்ச் பேனா, ஒரு பென்சில். பென்சில் எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ரோமர் பக்கம் நின்ற கஸ்ஸான் குலத்தை ரோமின் வால், பாரசீகர் பக்கம் நின்ற லக்ம் குலத்தைப் பாரசீகத்தின் வால் என்று எண்ணிப் படித்தால் பாதி நிகழ்ச்சிகளுக்குக் காரணமே தெரியாது. மேய்ச்சல், பொன், வழிபாடு இந்த மூன்றிலும் அவர்களுக்கென்று சொந்தக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைத் தனியாக எழுதிப் பார்ப்பதுதான் இந்த முறையின் உயிர்.

முதலில் நிலம்

வம்சப் பட்டியலை எடுக்காதீர்கள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் யூப்ரடீஸ் நதியை வரையுங்கள். அதற்கு மேற்கே ரோமர் பக்கம்: அந்தியோக்கியா, டமாஸ்கஸ், பொஸ்ரா, ருசாஃபா, பால்மைரா. வடகிழக்கே இரண்டு பேரரசுகளும் முட்டிக்கொள்ளும் இடத்தில் தாராவும் நிசிபிஸும். தாரா ரோமர் கோட்டை, நிசிபிஸ் பாரசீகர் கையில். நதியை ஒட்டித் தெற்கே இறங்கினால் ஹீரா, இன்றைய இராக்கின் நஜஃப், கூஃபா பக்கம். அதற்கு வடக்கே டைக்ரிஸ் கரையில் பாரசீகத் தலைநகர் தெசிஃபோன். தாளின் அடியில் நஜ்ரான், மாரிப், ஹிம்யர் தலைநகரான ஸஃபார். செங்கடலைத் தாண்டி எத்தியோப்பியப் பக்கம் அக்சும்.

அடுத்து, மழை நின்றுபோகிற இடத்தை ஒரு கோடாக இழுங்கள். டமாஸ்கஸிலிருந்து கிழக்கே போகப்போக மழை குறைகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 200 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் மானாவாரிப் பயிர் எடுக்க முடியாது, மேய்ச்சல் மட்டும்தான். அந்தக் கோட்டுக்கு அப்பால் ஒரு பெரிய காலாட்படையை நிறுத்தி வைத்துச் சோறு போட எந்தப் பேரரசாலும் முடியவில்லை. ரோமர்கள் டயோக்ளீஷியன் காலத்தில் டமாஸ்கஸ் பக்கமிருந்து பால்மைரா வழியாக யூப்ரடீஸ் வரை ஒரு கோட்டைச் சாலையைப் பலப்படுத்தினார்கள். சாலை போட்டாலும் அதற்கு அப்பால் ஓடிப் பிடிக்க அந்த நிலத்திலேயே வாழ்கிறவன் வேண்டும்.

ஒரு காலத்தில் அந்த வேலையை நகரங்கள் செய்தன. பெத்ராவின் நபத்தேய அரசை 106-இல் ரோமப் பேரரசர் ட்ராஜன் இணைத்துக்கொண்டு அரேபியா என்ற மாகாணமாக்கினார். ஹத்ரா நகரைச் சசானியப் பாரசீகர்கள் 240-ஐ ஒட்டி அழித்தார்கள். பால்மைராவின் ராணி ஸெனோபியா ரோமை எதிர்த்து நின்று 272-இல் ஆரேலியனிடம் தோற்றார். அடுத்த ஆண்டு நகரமே வீழ்ந்தது. இந்த மூன்று பெயர்களையும் வரைபடத்தில் குறித்து, மேலே குறுக்குக் கோடு போடுங்கள். நடுவில் எவ்வளவு பெரிய வெற்றிடம் என்று கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்துக்குத்தான் குலத்தலைவர்கள் வருகிறார்கள்.

பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்பது

பிள்ளைகள் மிகவும் தடுமாறுகிற இடம் இது. ஹாரித், முந்திர், நுஃமான் என்ற பெயர்கள் இரண்டு பக்கமும் வருகின்றன. முந்திரை முந்திரின் எதிரி எப்படிக் கொன்றான் என்று ஒரு மாணவி தலையைப் பிடித்துக்கொண்டாள்.

தாளின் வலது ஓரத்தில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பத்தி பச்சை: கஸ்ஸான் குலம், ஆண்ட குடும்பம் ஜஃப்னா வழி, ரோமர் சார்பு. வலது பத்தி சிவப்பு: லக்ம் குலம், ஆண்ட குடும்பம் நஸ்ர் வழி, ஹீராவில் இருந்துகொண்டு பாரசீகர் சார்பு. பெயரைத் தனியாக எழுதவே கூடாது. நிறமும் இறந்த அல்லது வீழ்ந்த ஆண்டும் கூடவே வர வேண்டும். பச்சையில் ஹாரித் பின் ஜபலா ('பின்' என்றால் மகன்), 569. அவர் மகன் முந்திர், 582 வாக்கில் கைது. சிவப்பில் மூன்றாம் முந்திர், 554. கடைசி மன்னர் நுஃமான், 602 வாக்கில். இந்த நான்கு பேர் தெளிவாகிவிட்டால் ஆறாம் நூற்றாண்டு பாதி முடிந்தது. கிரேக்க எழுத்தாளர்கள் ஹாரித்தை அரெத்தாஸ் என்றும் முந்திரை அலமுந்தாரோஸ் என்றும் எழுதுவார்கள். அதையும் பக்கத்தில் சிறியதாக எழுதி வையுங்கள்.

மூன்றாவது நிறம் நீலம். அது தெற்குக்கு, ஹிம்யருக்கும் அக்சுமுக்கும். பலர் இந்த மூன்றாவது பேனாவைத் திறப்பதே இல்லை. ரோம், பாரசீகம் என்று இரண்டு பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஒரு கல்லைப் படித்துப் பாருங்கள்

எங்கள் ஊர் அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகளை முதலில் அங்கே கூட்டிப்போவேன். பல்லவர் காலத்து நடுகல் எழுத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் பேரரசனான பல்லவனின் பெயரும் ஆட்சியாண்டும். அடுத்து அவனுக்குக் கீழே அந்த நாட்டைப் பிடித்திருந்த வாணர், கங்கர் போன்ற சிற்றரசர். அப்புறம் அவர் சேவகன். கடைசியாக, எந்தத் தொறுவைக் கவரும்போது அல்லது மீட்கும்போது அவன் பட்டான் என்பது. மேலிருந்து கீழே பேரரசன், சிற்றரசன், வீரன், மாடு. ஒரு எல்லை நாடு எப்படி இயங்கியது என்பது நாலு வரியில் வந்துவிடுகிறது.

அதே கண்ணோடு சிரியாவின் தெற்கே நமாராவில் 1901-இல் கண்டெடுத்த கல்லைப் பார்க்க வேண்டும். இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொத்தம் ஐந்து வரி. மொழி அரபு, எழுத்து நபத்தேயம். அம்ர் மகன் இம்ருல் கைஸின் கல்லறை எழுத்து அது. அவரை 'எல்லா அரபுகளின் மன்னன்' என்கிறது. நஜ்ரான் வரை படை நடத்தினார், அது ஷம்மரின் நகரம் என்கிறது. ஷம்மர் என்பவர் ஹிம்யர் மன்னர். கடைசியில் இறந்த நாள்: 223-ஆம் ஆண்டு, கிஸ்லுல் மாதம் 7.

இந்த 223-ஐ மாற்றுவது எப்படி என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அரேபியா மாகாணம் அமைந்த 106-தான் முதலாம் ஆண்டு. ஆக 106-உடன் 222-ஐக் கூட்டினால் 328. கிஸ்லுல் என்பது டிசம்பரை ஒட்டிய மாதம். 328 டிசம்பர் என்று ஒரு மனிதரின் சாவுக்குத் தேதி கிடைத்துவிட்டது.

இப்போது நடுகல் கேள்வியைக் கேளுங்கள். மேலே பேரரசன் பெயர் இருக்கிறதா? இல்லை. ஆண்டுக் கணக்கு ரோம மாகாணத்துடையது, ஆனால் தொடக்கமே சொந்தப் பட்டம். கல் கிடைத்த இடமோ ரோமர் எல்லைக்குள். அரபு மரபில் இதே பெயருள்ளவர் ஹீராவின் தொடக்க கால மன்னர்களில் ஒருவர், அதாவது பாரசீகர் பக்கம். அவர் எப்படி இங்கே வந்து புதைக்கப்பட்டார்? கல்லின் நாலாம் வரியில் பாரசீகமும் ரோமும் வருவதாகப் பலர் படிக்கிறார்கள். அந்த வாசிப்பு பற்றி அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டாம். 'இரண்டு பக்கமும் கால் வைத்தவர்' என்று மட்டும் தாளில் எழுதுங்கள். அடுத்த முந்நூறு ஆண்டுக்கும் அது பொருந்தும்.

நாலாம் நூற்றாண்டில் இன்னொரு பெயரையும் விடாதீர்கள். ராணி மாவியா. கணவர் இறந்தபின் தன் மக்களைத் திரட்டி வாலென்ஸ் பேரரசருக்கு எதிராகக் கிளம்பி, ரோமப் படைகளைத் தோற்கடித்து, தான் சொன்ன மோசே என்ற துறவியையே ஆயராக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினார். 378-இல் ஆட்ரியானோபிள் போரில் ரோமர்கள் கோத்துகளிடம் நொறுங்கியபோது கான்ஸ்டான்டிநோபிளைக் காக்க நின்றவர்களில் அவர் அனுப்பிய அரபுக் குதிரைப்படையும் உண்டு.

நாலு கேள்வி

இனி ஒவ்வொரு மன்னருக்கும் நாலு கேள்வி. பொன் யாரிடமிருந்து வருகிறது? மந்தை எங்கே மேய்கிறது? யாரோடு சண்டை? எங்கே கும்பிடுகிறார்? இந்த நாலுக்கும் பதில் எழுதாமல் அடுத்த மன்னருக்குப் போகாதீர்கள்.

ஹீராவின் மூன்றாம் முந்திரை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ரோமர்களை மண்டியிட வைத்தார் என்று எதிரித் தரப்பு வரலாற்றாசிரியரான புரோகோப்பியஸே எழுதுகிறார். ரோமர்கள் திரட்டி வருவதற்குள் சூறையாடி முடித்துவிட்டுப் பாலைக்குள் மறைந்துவிடுவார். 529-இல் அந்தியோக்கியா பக்கம் வரை வந்து போனார். அவரைச் சமாளிக்கத்தான் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் அதே கால அளவில் கஸ்ஸானின் ஹாரித் பின் ஜபலாவைத் தூக்கி நிறுத்தினார். அதுவரை பல அரபுத் தலைவர்கள் தனித்தனியாக இருந்தார்கள். அவர்களில் பலரை ஒரே கையின் கீழ் கொண்டுவந்து மன்னர் என்ற தகுதியும் கொடுத்தார்.

மேய்ச்சல் கேள்விக்கு ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. இந்தக் காலம் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். 532-இல் ரோமும் பாரசீகமும் 'முடிவில்லா சமாதானம்' என்று ஒப்பந்தம் போட்டன. ரோமர்கள் 11,000 பவுண்டு பொன் கொடுத்தார்கள். ஆனாலும் 539 வாக்கில் பால்மைராவுக்குத் தெற்கே ஸ்ட்ராட்டா என்ற நிலத்துக்காக ஹாரித்தும் முந்திரும் மோதிக்கொண்டார்கள். வெயிலில் வறண்ட நிலம். மரமில்லை, பயிரில்லை, ஆடு மட்டும் மேயும். இடத்தின் பெயரே லத்தீன், போட்ட சாலையைக் குறிப்பது, ஆகவே ரோமர் நிலம் என்றார் ஹாரித். பெரியவர்களைச் சாட்சிக்கும் கூப்பிட்டார். முந்திர் பெயரைப் பற்றி வாதாடவே இல்லை. அங்கே மந்தை ஓட்டுகிறவர்கள் பழங்காலம் முதல் தனக்குத்தான் மேய்ச்சல் பணம் கட்டுகிறார்கள் என்றார்.

ஜஸ்டினியன் இரண்டு பேரை விசாரிக்க அனுப்பினார். நிலத்தை விடக் கூடாது என்றார் ஒருவர். ஒன்றுக்கும் உதவாத பொட்டல், இதற்காகப் பாரசீகனுக்குச் சண்டைக்குச் சாக்குக் கொடுக்க வேண்டாம் என்றார் இன்னொருவர். பேரரசர் யோசித்துக்கொண்டே இருந்தார். பாரசீக மன்னர் குஸ்ரோ சாக்கை எடுத்துக்கொண்டார். 540-இல் அந்தியோக்கியா எரிந்தது.

இதை நடத்தும்போது பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன், ஆடு மேய்க்கிற குடும்பம், ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "சார், அது எந்த மாசம் சார்?" மற்றவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மற்ற இடத்தில் புல் காய்ந்த மாசத்தில் ஒரு பொட்டலில் கொஞ்சம் பசுமை இருந்தால் அந்த நிலத்தின் மதிப்பு தலைநகரில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியாது, மந்தைக்காரனுக்குத் தெரியும். ஹாரித்தும் முந்திரும் பேரரசுகளுக்காக மட்டும் சண்டை போடவில்லை என்பதை அந்தக் கேள்வி ஒரு நொடியில் காட்டிவிட்டது. தாளில் ஸ்ட்ராட்டாவைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

இவர்கள் இருவரின் பகை எவ்வளவு தூரம் போனது என்றால், பேரரசுகள் போர் நிறுத்தம் செய்துகொண்ட பிறகும் இவர்கள் தனியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாரித்தின் மகன் ஒருவனை முந்திர் பிடித்துத் தன் தெய்வத்துக்குப் பலி கொடுத்தார் என்று புரோகோப்பியஸ் எழுதுகிறார். 554-இல் சிரியாவின் கின்னஸ்ரீன் அருகே நடந்த போரில் முந்திர் ஹாரித்தின் படையிடம் மாண்டார். அரபு மரபு இதை ஹலீமா நாள் என்று நினைவில் வைத்திருக்கிறது.

பொன் கேள்வி அடுத்த சமாதானத்தில் வெளியே வருகிறது. 561–562-இல் ஐம்பது ஆண்டுச் சமாதானம் பேசினார்கள். ஆண்டுக்கு 30,000 பொற்காசு ரோமர் தர வேண்டும். இரு பக்கத்து அரபு நட்புப் படைகளும் இதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று தனி விதியே சேர்த்தார்கள். அப்போது முந்திரின் மகன் அம்ருக்காகப் பாரசீகத் தூதர் ஒரு கோரிக்கை வைத்தார்: இவர் அப்பாவுக்கு ரோமர் கொடுத்துவந்த 100 பவுண்டு பொன்னை இவருக்கும் கொடுங்கள். கவனியுங்கள், பாரசீகர் பக்கத்து மன்னர் ரோமரிடமும் பொன் வாங்கியிருக்கிறார்! அது எழுதி வைத்த கடன் இல்லை, அன்பளிப்பு, அவரும் திருப்பி அன்பளிப்பு அனுப்பினார் என்று ரோமத் தூதர் பீட்டர் மறுத்துவிட்டார். சிவப்புப் பத்தியில் அம்ர் பெயருக்கு எதிரே பச்சைப் பேனாவால் 100 என்று எழுதச் சொல்வேன். நிறம் மாறி நிற்கிற அந்த எண்ணைப் பார்க்கும்போது சார்பு நாடு என்பதன் முழு விஷயமும் விளங்கும்.

கும்பிடும் இடம்

வழிபாட்டுக் கேள்வியை அவசரமாக முடிக்காதீர்கள். கஸ்ஸான் கிறிஸ்தவர்கள், ஆகவே ரோமோடு ஒற்றுமை என்று எழுதுவது பாதி உண்மை. கிறிஸ்துவின் இயல்பு ஒன்றா இரண்டா என்ற பிரச்சினையில் 451-இல் கால்கிடோன் சங்கம் எடுத்த முடிவைப் பேரரசு பிடித்துக்கொண்டது. கஸ்ஸான் மன்னர்கள் அதை ஏற்காத சிரிய மக்களின் பக்கம் நின்றார்கள். 542–543 வாக்கில் ஹாரித் பேரரசி தியோதோராவின் உதவியோடு யாக்கோபு பராதயூஸை ஆயராக்க வைத்தார். அவர் ஊர் ஊராக அலைந்து திருநிலைப்படுத்திய குருக்களால்தான் அந்தத் திருச்சபை பிழைத்தது. ருசாஃபாவில் புனித செர்ஜியஸ் கல்லறைக்கு மந்தைக்கார அரபுகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அந்த மதிலுக்கு வெளியே ஹாரித்தின் மகன் முந்திர் பெயர் கிரேக்கத்தில் பொறித்த கட்டடம் இன்றும் நிற்கிறது. அதே மக்களுக்குக் குருவும் காவலும் கொடுத்ததால் மன்னருக்கு ரோமர் தராத ஒரு பலம் இருந்தது.

ஹீராவில் கதை வேறு. ஊரில் கிழக்குத் திருச்சபையின் ஆயர் இருந்தார், மடங்கள் இருந்தன, கிறிஸ்தவ மக்கள் ஏராளம். மன்னர்களோ பெரும்பாலும் பழைய தெய்வங்களோடு இருந்தார்கள். கடைசி நுஃமான்தான் 590-களில் திருமுழுக்குப் பெற்றார்.

இந்த இரண்டு அரண்மனைகளுக்கும் நடுவே கவிஞர்கள் போய்வந்தார்கள். நாபிகா ஹீராவில் பாடினார், மன்னருக்குக் கோபம் வந்தபோது கஸ்ஸானிடம் போனார், பிறகு திரும்பவும் ஹீராவுக்கு வந்தார். மதீனாவின் ஹஸ்ஸான் பின் தாபித் இளமையில் கஸ்ஸான் மன்னர்களைப் பாடியவர். இந்தப் பெயரைச் சொன்னதும் மதரசாவில் படித்த ஒரு மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நபிகளின் கவிஞர் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தவர் அவர். அன்றிலிருந்து அந்தப் பெண் தன் தாளில் கவிஞர்களுக்குத் தனி வரிசை வைத்திருக்கிறாள். நல்ல யோசனை, நீங்களும் செய்யலாம்.

நீலப் பேனா

தெற்கே ஹிம்யர் நாலாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து யூத நம்பிக்கை சார்ந்த அரசு. நடு அரேபியாவில் கிந்தா குலத்தைத் தன் கையாக வைத்திருந்தது. கிந்தாவைப் பற்றி இங்கே ஒரு வரி போதும்: 502-இல் ரோமோடு ஒப்பந்தம், 528-இல் அவர்கள் தலைவர் ஹாரித் முந்திரின் பகையில் மாண்டார், அதன்பின் குலம் சிதறியது.

523-இல் ஹிம்யர் மன்னர் யூசுஃப், அரபு மரபில் தூ நுவாஸ், நஜ்ரான் கிறிஸ்தவர்களைக் கொன்றார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மூன்றாம் முந்திர் ரம்லா என்ற இடத்தில் பாளையம் இறங்கியிருந்தார். சமாதானம் பேச ரோமத் தூதர்கள் அங்கே இருந்தார்கள். அந்த நேரத்தில் யூசுஃபிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது: நான் நஜ்ரானில் இப்படிச் செய்துவிட்டேன், நீங்களும் உங்கள் கிறிஸ்தவர்களை அப்படியே செய்யுங்கள். ஒரே கூடாரத்தின் முன்னால் ரோம், பாரசீகச் சார்பு, யேமன் மூன்றும் சந்தித்துவிட்டன. வரைபடத்தில் ஹீராவிலிருந்து தென்கிழக்கே ஒரு புள்ளி வைத்து, மூன்று நிறக் கோட்டையும் அதற்கு இழுங்கள். 525-இல் அக்சும் மன்னர் காலெப் ரோமின் ஆதரவோடு கடல் கடந்து வந்து யூசுஃபை வீழ்த்தினார். சில ஆண்டுகளில் அப்ரஹா என்ற அக்சும் படைத்தலைவர் காலெப்பை மீறித் தானே மன்னரானார். யானைப் படையோடு மக்காவுக்கு வந்தவராக முஸ்லிம் வாசகர்களுக்குத் தெரிந்த பெயர்.

அப்ரஹா மாரிப் அணையில் எழுதி வைத்த கல்வெட்டு, 548. இதை மட்டுமாவது முழுதாக மொழிபெயர்ப்பில் தேடிப் படியுங்கள். அணை உடைந்தது, கிளர்ச்சி நடந்தது, நோய் பரவி வேலை நின்றது, மறுபடி தொடங்கியது, எவ்வளவு மாவும் இறைச்சியும் செலவானது என்று கணக்கோடு எழுதியிருக்கிறார். வந்த தூதர்கள் வரிசையும் இருக்கிறது. முதலில் அக்சும், அடுத்து ரோம், அடுத்து பாரசீகம், அப்புறம் முந்திர், ஹாரித் பின் ஜபலா, ஹாரித்தின் சகோதரர் அபூ கரிப். ஹீராவும் கஸ்ஸானும் பேரரசின் பையில் அடங்காமல் தங்கள் பெயரில் தூது அனுப்பியிருக்கிறார்கள். இந்தக் கட்டுரை சொல்ல வருவதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

570-களில் பாரசீகர் வஹ்ரிஸ் என்ற தளபதியை அனுப்பி யேமனையும் பிடித்தார்கள். நீலக் கோட்டை அங்கே முடித்துவிடுங்கள்.

பேரரசுகள் தங்கள் துணையை உடைத்தது

ஹாரித் 569-இல் இறந்ததும் மகன் முந்திர் வந்தார். பேரரசர் இரண்டாம் ஜஸ்டின் இவர்மேல் சந்தேகப்பட்டார். முந்திரைக் கொல்லும்படி மார்சியன் என்ற தளபதிக்கு ஒரு கடிதம், மார்சியனைப் போய்ப் பார் என்று முந்திருக்கு ஒரு கடிதம். இரண்டும் உறை மாறிப் போய்விட்டன என்று அக்கால வரலாற்றாசிரியர் எபேசு யோவான் எழுதுகிறார். தன்னைக் கொல்லச் சொன்ன கடிதத்தைத் தானே படித்த முந்திர் சுமார் மூன்று ஆண்டு எல்லையைக் காக்காமல் விலகியிருந்தார். 575-இல் ருசாஃபாவில் செர்ஜியஸ் கல்லறை முன் சத்தியம் செய்து சமாதானமானார்கள். 580-இல் கான்ஸ்டான்டிநோபிளில் அடுத்த பேரரசர் டிபேரியஸ் அவருக்கு மணிமுடி கொடுத்தார். அதே ஆண்டில் தளபதி மாரிஸோடு தெசிஃபோன் நோக்கிப் போன படையெடுப்பு, பாலம் ஏற்கெனவே உடைக்கப்பட்டிருந்ததால் தோற்றது. காட்டிக் கொடுத்தது முந்திர்தான் என்றார் மாரிஸ். முந்திர் தனியாகப் போய் ஹீராவை எரித்துவிட்டு வந்தும் பயனில்லை. ஒரு தேவாலயத் திறப்புக்கு என்று நண்பர் மூலம் அழைத்துக் கைது செய்தார்கள். மாரிஸ் பேரரசரானதும் சிசிலிக்கு நாடு கடத்தினார். மகன் நுஃமான் பொஸ்ரா வரை கிளர்ச்சி செய்து அவரும் பிடிபட்டார். கஸ்ஸான் பதினைந்து பிரிவாகச் சிதறியது என்பது சிரிய மரபு.

சிவப்புப் பத்தியில் இது நடக்க ஏறக்குறைய இருபது ஆண்டு ஆனது. 602 வாக்கில் இரண்டாம் குஸ்ரோ ஹீராவின் நுஃமானைச் சிறைப்பிடித்துக் கொன்றார். நஸ்ர் குடும்பத்தை விட்டுவிட்டுத் தய்யி குலத்து இயாஸை வைத்து, பாரசீக அதிகாரி ஒருவரையும் மேலே உட்கார வைத்தார். சில ஆண்டுகளில் தூ காரில் பக்ர் குலத்தார் பாரசீகப் படையையும் அதன் அரபுத் துணைகளையும் முறியடித்தார்கள். ஆண்டை 604-க்கும் 611-க்கும் நடுவில் என்று இடைவெளியாகவே எழுதுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தேர்வுக் குறிப்புகளில் 'இதனால்தான் இஸ்லாமியப் படைகள் வென்றன' என்று ஒரே தாவலாகத் தாவிவிடுகிறார்கள். நடுவில் 602 முதல் 628 வரை இரண்டு பேரரசும் ஒன்றையொன்று அரைத்த பெரும்போர் இருக்கிறது. 614-இல் ஜெருசலேம் பாரசீகர் கையில் விழுந்தது. 627-இல் ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸ் நினிவே அருகே வென்றார். 541-இல் தொடங்கிய கொள்ளைநோய் மறுபடி மறுபடி வந்தது. எல்லையில் கேடயமாக நின்ற அரபு அரசுகளைப் பேரரசுகளே உடைத்தது ஒரு காரணம். ஒரே காரணம் ஆகாது. கஸ்ஸானியரும் முழுதாக மறைந்துவிடவில்லை. 636-இல் யர்மூக்கில் ஜபலா பின் ஐஹம் ரோமர் பக்கம் நின்று சண்டை போட்டார்.

பென்சில் எதற்கு

எழுதினவர் யார் என்பதைக் குறிக்கத்தான். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு எழுத்துப் போடுங்கள். புரோகோப்பியஸுக்குப் 'பு', எபேசு யோவானுக்கு 'யோ', கல்வெட்டுக்குக் 'க', பிற்கால அரபு மரபுக்கு 'ம'.

531-இல் யூப்ரடீஸ் கரையில் காலினிகம் போரில் ரோமர் தோற்றார்கள். அரபுப் படை ஓடியதால்தான் தோல்வி என்று ஹாரித்தைச் சந்தேகிக்கிறார் புரோகோப்பியஸ். அவர் தோற்ற தளபதி பெலிசாரியஸின் செயலாளர் என்பதை மறக்கக் கூடாது. மலாலாஸ் என்ற இன்னொருவர் எழுதியதில் சில அரபுகள் ஓடினார்கள், ஹாரித் நின்று சண்டை போட்டார், படகேறித் தப்பியவர் பெலிசாரியஸ்தான். எபேசு யோவானோ முந்திரின் திருச்சபைக்காரர், ஆகவே முந்திருக்காக மனம் இரங்குகிறார். நுஃமானை யானைக் காலில் இட்டார்கள் என்பது 'ம' மட்டும் உள்ள செய்தி. 'க' உள்ளதை நம்பி எழுதலாம், ஒரே 'பு' மட்டும் உள்ளதைத் 'புரோகோப்பியஸ் சொல்வதாவது' என்று தொடங்கி எழுதுங்கள். தேர்வில் இந்த ஒரு பழக்கம் உங்கள் விடையைத் தனியாகக் காட்டும்.

தாள் முடிந்ததும் மடித்து வைக்காமல் ஒரு வாரம் சுவரில் ஒட்டி வையுங்கள். அடுத்த தாளை 602-இல் தொடங்கி, முதலில் மாரிஸ் கொல்லப்பட்டதை எழுதுங்கள். சிவப்புப் பத்தியின் அடியில் 633, ஹீரா காலித் பின் வலீதிடம் பணிந்தது என்ற வரிக்கு மட்டும் இடம் விட்டு வைத்தால், இரண்டு தாளையும் அங்கே ஒட்டிக்கொள்ளலாம்.